"வாயைக் கட்டுங்க"னு சொல்றதுக்கு முன்னாடி

1/ சுகர் ஓபியில நான் அதிகம் சொன்ன வார்த்தை "வாயைக் கட்டுங்கம்மா". அதை ஏன் நிறுத்தினேன்னு இந்த இழையில சொல்றேன். ஆள் யார்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/ அந்தம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். மாத்திரை தவறாம போடுறாங்க. ஆனா மூணு மாச சராசரி சுகர் 10-க்குக் கீழ இறங்கவே இல்ல. எடையும் ஏறிட்டே போகுது. என்ன சாப்பிடுறீங்கன்னா, "ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு சார்". பொய் சொல்றாங்கன்னு நெனச்சு வரிசையில நின்ன எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன்.

3/ அப்புறம்தான் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டரா இருக்குமோன்னு தோணுச்சு. கொஞ்ச நேரத்துக்குள்ள, மத்தவங்க சாப்பிடுறதை விட ரொம்ப அதிகமா சாப்பிடுவாங்க. நடுவுல நிறுத்த முடியாது. முடிஞ்சதும் தன் மேலயே அருவருப்பு, குற்ற உணர்ச்சி. வாரம் ஒரு தடவையாவது, மூணு மாசம் இது தொடர்ந்தா இந்த நோயான்னு பார்க்கணும். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயா சேர்த்ததே 2013-லதான்.

4/ இதுக்குன்னு நோயாளியே நிரப்புற கேள்வித்தாள்கள் இருக்கு. ரொம்ப நாளா புழங்குறது 1982-ல வந்த பிஞ்ச் ஈட்டிங் ஸ்கேல். 16 கேள்வி. 17 மார்க் வரை பெரிசா பிரச்சினை இல்ல, 18 முதல் 26 வரை மிதமானது, 27-ம் அதுக்கு மேலயும் தீவிரம்.

5/ தமிழ்ல சொல்லிக் கொடுத்து நிரப்ப வெச்சோம். வந்த மார்க் 9. "ஒண்ணும் இல்ல"ன்னு நோட்டை மூடிட்டேன். பேனா யார் கையில இருந்துச்சுன்னு நான் கவனிக்கல. படிச்சுக் காட்டினதும், டிக் அடிச்சதும் அவங்க மகள். யாரும் பார்க்காத நேரமா பார்த்து சாப்பிடுவீங்களான்னு ஒரு கேள்வி அதுல உண்டு. மகள் பக்கத்துல இருக்கும்போது அதுக்கு என்ன பதில் வரும், நீங்களே சொல்லுங்க.

6/ அடுத்த மாசம் அவங்க தனியா வந்தாங்க. கூட்டம் குறைஞ்சதும் உக்கார வெச்சேன். எவ்வளவு சாப்பிடுறீங்கன்னு கேக்கல. "நிறுத்தணும்னு நெனச்சும் முடியாம போயிருக்காம்மா?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எல்லாரும் கெளம்பினதும் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்பிடுவேன் சார். மீந்த சோறு, பேத்தியோட பிஸ்கட்டு எல்லாம். வயிறு வலிக்கும், கை நிக்காது. நீங்க திட்டின அன்னைக்கு இன்னும் ஜாஸ்தி சாப்பிட்டேன்."

7/ தாள் மறுபக்கமும் தப்பும். கல்யாணப் பந்தியில ரெண்டு வடை கூட சாப்பிட்டதையே "கட்டுப்பாடு போச்சு"ன்னு டிக் அடிக்கிறவங்க உண்டு. ஃபேர்பர்னும் பெக்ளினும் 1994-ல நேர்காணலையும் கேள்வித்தாளையும் ஒப்பிட்டப்போ, இந்த விஷயத்துல தாள்லதான் அளவு கூடுதலா வந்துச்சு. அதனால மார்க்கை வெச்சு மட்டும் நோய்னு முடிவு பண்ண முடியாது. சுகர் மாத்திரையால சுகர் இறங்கினாலும் அகோரப் பசி எடுக்கும். இவங்களுக்கு அதையும் சோதிச்சு, இல்லன்னு உறுதி பண்ணோம்.

8/ இப்போ உங்களுக்கு. இந்த மாதிரி தாளை நிரப்பினா தனியா நிரப்புங்க. மார்க் கூட வந்தா பயப்படாதீங்க, குறைவா வந்தும் மனசு உறுத்தினா விட்டுடாதீங்க. ரெண்டுக்கும் அடுத்த படி ஒரு டாக்டர்கிட்ட நேர்ல பேசுறதுதான். இதுக்குப் பேச்சு வழி சிகிச்சை நல்லா வேலை செய்யும். அதுல முதல் பாடமே வேளாவேளைக்குச் சாப்பிடுறது. பட்டினி கிடந்தா அடுத்த தடவை இன்னும் அதிகமா சாப்பிடத் தூண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. வெளிய சொல்லக் கூச்சமா இருந்தா 14416-க்கு ஃபோன் பண்ணுங்க, அது அரசோட இலவச மனநல உதவி எண்.

9/ அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்போ மனநல ஓபிக்கும் போறாங்க. சுகர் இன்னும் முழுசா கட்டுக்குள்ள வரல, வர நாளாகும். உங்க வீட்லயும் யாராவது ஒளிஞ்சு சாப்பிடுறது தெரிஞ்சா, தயவுசெஞ்சு கேலி பண்ணாதீங்க. நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ண வேணாம்.