பலகையில் நின்ற பெயர்

தைப்பிங்கிலிருந்து மாத்தாங் வழியாக மேற்கே செல்லும் சாலை, கோலா செபெத்தாங் என்னும் மீனவக் கிராமத்தில் போய் முடிகிறது. ஆற்றோரம் படகுகள், சற்று உள்ளே கண்டல் மரங்களைக் கரியாக்கும் சூளைகள். இங்கு வருவோரில் பெரும்பாலோர் கடலுணவைத் தேடி வருபவர்களே. ஒரு சனிக்கிழமை காலை, தைப்பிங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் பேத்தியை இங்கு அழைத்து வந்தது வேறொன்றைக் காட்டுவதற்காக. அவர் இரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

கடைவரிசையில், ஒரு கோப்பிக்கடையின் அருகே, பழைய இரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை நிற்கிறது. ‘போர்ட் வெல்ட்’ என்னும் பெயர் அதில் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்து வடிவங்களில் உள்ளது. பேத்தி தமிழ் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“ஊர்ப் பேர் இது இல்லையே, தாத்தா?”

“இரயில் ஓடின காலத்துப் பேரும்மா. ஒரு வெள்ளைக்கார ஆளுநரோட பேரு.”

“அதை ஏன் தமிழ்ல எழுதணும்?”

“வாசிக்க ஆள் இருந்தாங்க. அதான்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாருட் வட்டாரம் ஈயத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. தோண்டியெடுத்த ஈயத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே, தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போடப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் நாள் திறக்கப்பட்ட இதுவே மலாயாவின் முதல் இரயில் பாதை. இதை அமைக்க இலங்கையிலிருந்து பணிப்படையினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர்ப் பாதைகள் நீண்டபோது, தண்டவாளம் தூக்கியவர்களிலும் சல்லி கொட்டியவர்களிலும் தமிழகத் தொழிலாளர்கள் ஏராளம்; நிலைய அதிபர்களிலும் எழுத்தர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஆளுநர் பிரெடரிக் வெல்ட்டின் பெயரை வரலாற்று நூல்களில் காணலாம். சல்லி கொட்டியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? அவர்கள் இங்கு வாழ்ந்ததற்கு இந்தப் பலகையின் நான்காவது வரியே சாட்சி.

தண்டவாளம் இப்போது இல்லை. பலகையும் பயணச்சீட்டு விற்ற சிற்றறையும்தான் மிஞ்சியுள்ளன. தைப்பிங்கில் முதல் நிலையம் இருந்த இடத்தில் ஏழாம் எட்வர்ட் அரசர் பெயரிலான பள்ளி நிற்கிறது. அதற்குப் பின் எழுந்த நிலையக் கட்டடமாவது புதிய நிலையத்தின் அருகிலேயே பிழைத்துக்கொண்டது. தாத்தா குடியிருந்த இரயில்வே லயத்திற்கு அந்த நல்வாய்ப்பும் கிட்டவில்லை. இடித்த நாளில் யாரும் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. எல்லாரும் புது வீட்டு மகிழ்ச்சியில் இருந்தார்கள். அதைத் தவறென்று சொல்லவும் முடியாது.

கோப்பிக்கடையில் அமர்ந்தபோது பேத்திக்குக் காராய் நினைவுக்கு வந்தது. கோலகங்சாருக்கு அருகிலுள்ள அந்தச் சிற்றூருக்கு இருவரும் கடந்த விடுமுறையில் போயிருந்தார்கள். பேராக் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் 1900-ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. 2002-இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்ததும் இரயில் அதற்கு மாறியது. பழைய பாலத்தையோ மோட்டார் சைக்கிள்களும் நடப்பவர்களும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டியபடி ஒரு பெண் அதைக் கடந்துபோனதை அவள் பார்த்திருந்தாள். அவருக்கு அது பாரம்பரியச் சின்னம் அன்று; வீட்டுக்குப் போகும் வழி. பழையவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் காக்க வேண்டும் என்பதில்லை. ஆள் புழங்கும் இடத்தில் ஓர் ஆணி கழன்றாலும் யாராவது பார்த்துவிடுவார்கள். கோப்பிக்கடை ஓரத்துப் பலகைக்கும் இது பொருந்தும்.

ஆனால், தாத்தாவுக்கு வேறொரு கவலை. “அடுத்து இதுக்கு வண்ணம் பூச வர்றவருக்குத் தமிழ் தெரியலன்னா?” என்றார். ஒரு புள்ளி விடுபடலாம். ஒரு கொம்பு இடம் மாறலாம். அதற்குப் பின் பூசுபவர் அந்தப் பிழையைப் பார்த்தே எழுதுவார்.

பேத்தி பையிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். மீண்டும் பலகையின் முன் போய் நின்று, நான்காவது வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மேசையில் அவளுடைய மைலோ ஆறிக்கொண்டிருந்தது. தாத்தா அவளைக் கூப்பிடவில்லை.