கோன்ஸ்தான்ஸ் ஏரியிலே

2024 ஆகஸ்டு இறுதியில், ஜெர்மனியின் லிண்டாவ் துறைமுகத்தில் நாம் கப்பலேறினோம். ஒருபுறம் கற்சிங்கம், மறுபுறம் கலங்கரை விளக்கம். இரண்டும் 1856 இல் எழுந்தவை. அவற்றைக் கடந்ததும் ஏரி கடலெனவே விரிந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் இதன் கரையில் உள்ளன. ஆயினும் ஏரியின் நடுவே எல்லை எதுவென அவை இன்றுவரை உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. அதற்காகச் சண்டையிடவும் இல்லை. வரப்புத் தகராறுக்காக நீதிமன்றப் படியேறும் நம்மவர் இதைக் காண வேண்டும்!

கோடை முடிவில் இங்குப் புயல் திடீரென எழும். கரையிலுள்ள செம்மஞ்சள் விளக்குகள் நிமிடத்திற்கு 40 முறை மின்னினால் எச்சரிக்கை. 90 முறையாயின் புயல்.

மேர்ஸ்பூர்க் வழியாகக் கோன்ஸ்தான்ஸ் நகரை அடைந்தோம். துறைமுகத்தருகே நிற்கும் பழைய பண்டகசாலையில்தான் 1417 இல் ஐந்தாம் மார்ட்டின் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருச்சபையின் நெடுநாள் பிளவும் நீங்கிற்று.

இவ்வேரியின் பெருமை ஃபெல்ஹன் என்னும் மீன். 2016 இல் இங்குக் காணப்பட்ட குவாகா என்னும் அயற்சிப்பி பெருகி, மீனுக்குரிய நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. வேறு காரணங்களும் சேர்ந்து மீன்வளம் குன்றவே, 2024 தொடங்கி மூன்றாண்டுகளுக்கு அதனைப் பிடிக்கத் தடை விதித்தனர். தலைமுறைகளாக வலைவீசிய குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். துறைமுக உணவுச்சாலையில் ஃபெல்ஹன் கேட்டோம். கிடைத்தது வேற்று ஏரியின் மீன்.