ஐ.எஸ்.ஓ 6400இல் ஒரு கூத்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தரிடமும் சொந்தமாகக் கமெரா இல்லை. கம்பஸில் ஓர் ஆவணப்பட ஒப்படை தந்திருந்தார்கள். மட்டக்களப்பில், எங்களில் ஒருத்தியின் ஊரில், கன வருசத்துக்குப் பிறகு வடமோடிக் கூத்தொன்று அரங்கேறப் போகிறது என்று கேள்விப்பட்டோம். ‘பதின்மூன்றாம் போர்’. அபிமன்யு சாகிற கதை. இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். சரி, தலைப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஓர் அண்ணாவிடம் கமெரா கேட்டு வாங்கினோம். கெனன் 5டி மார்க் 2. 2008இல் வந்தது. அடிப்படையில் அது ஃபோட்டோ எடுக்கிற கமெராதான், வீடியோ அதற்குத் துணைவேலை. ஆனால் அது வந்த காலத்தில், கையில் காசில்லாமல் படம் எடுக்க ஆசைப்பட்ட ஆட்களுக்கெல்லாம் அது பெரிய விசயம். உள்ளே இருக்கிற சென்சர் பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படத்தின் அளவு, 36க்கு 24 மில்லிமீற்றர். சாதாரண வீடியோ கமெராக்களில் இருந்தது நகத்தளவு. சென்சர் பெரிதென்றால் இருட்டிலும் கொஞ்சம் கூடத் தெரியும். வின்சென்ட் லஃபோரே என்ற புகைப்படக்காரர், அந்தக் கமெரா கடைக்கு வருமுன்பே ஒன்றை வாங்கி, நியூயோர்க்கில் இரவில் ‘ரெவெரி’ என்ற குறும்படத்தை எடுத்திருந்தார். அதை யூரியூப்பில் பார்த்துவிட்டு “இது காணும்” என்றோம். நியூயோர்க் தெருவில் இருக்கிற வெளிச்சம் எங்கட ஊர்க் களரியில் இருக்காது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒத்திகை இரவில்தான் உறைத்தது. வட்டக்களரி. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், சுற்றிவரச் சனம். நாலு கம்பத்தில் நாலு மஞ்சள் பல்பு. ஒரு மூலையில் ரியூப் லைற். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் கறுப்புத் திரையில் நாலு மஞ்சள் உருண்டை.

அடுத்த நாலு நாளும் படித்தோம். கமெராவுக்குள் வெளிச்சத்தைக் கூட்ட மூன்று வழிதான். மூன்றுக்கும் விலை இருக்கு.

முதலாவது, லென்சின் துவாரம். அந்த அண்ணா தந்த சூம் லென்ஸ் எஃப் 4. கூட்டாளி ஒருவனிடம் எஃப் 1.8 உள்ள, மலிவான 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தது. அதில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் மூன்று மீற்றர் தூரத்தில் நிற்கிற ஆள் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு முழம் அசைந்தாலே படம் கலங்கிவிடும். கூத்தாடுகிறவர் ஒரு முழத்துக்குள் நிற்பாரா? இந்தக் கமெரா வீடியோவில் தானாக ஃபோகஸைப் பின்தொடரவும் மாட்டாது. லென்சின் வளையத்தில் துண்டு துண்டாக ரேப் ஒட்டி, அண்ணாவியார் நிற்கிற இடம், களரியின் ஓரம் என்று அடையாளம் வைத்துக் கையால் திருப்பிப் பழகினோம்.

இரண்டாவது, ஷட்டர். 25இல் ஒன்றுக்கு இறக்கினால் 50இல் ஒன்றில் வருவதைப்போல் இரு மடங்கு வெளிச்சம். ஆனால் ஜதிக்கு மிதிக்கிற கால் புகையாய்ப் போகும். கால் இல்லாத கூத்து என்ன கூத்து? 50இல் ஒன்றிலேயே விட்டோம். அதில் இன்னொரு லாபமும் இருக்கு. எங்கட நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். 50இல் ஒன்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். 60 வைத்தால் திரையில் பட்டை பட்டையாய் ஓடும்.

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. கூட்டக் கூட்டப் படத்தில் மணல் தூவினமாதிரிப் புள்ளி வரும். குறைவாக வைத்து எடுத்துவிட்டுப் பிறகு கொம்பியூட்டரில் வெளிச்சமாக்கலாம் என்று ஒத்திகையில் நினைத்தது பெரிய பிழை. வீடியோவை அந்தக் கமெரா நசுக்கித்தான் சேமிக்கிறது. இருட்டுக்குள் இருந்த விபரம் அதிலேயே போய்விடும். பிறகு கூட்டினால் புள்ளிதான் கூடும்.

இவ்வளவு படித்த பிறகும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அரங்கேற்றத்துக்கு ஹயருக்கு இரண்டு போகஸ் லைற் கொண்டு போனோம். அண்ணாவியாரிடம் கேட்டபோது ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, “கம்பஸ் புள்ளையள் கேக்குதுகள், போடுங்க” என்றார்.

இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை எடுத்தது அவ்வளவும் தெளிவு. முகம் தெரிகிறது, மையும் வேர்வையும் தெரிகிறது. பூச்சிகளும் தெரிகின்றன, லைற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கில். முன்வரிசையில் பாயோடு வந்திருந்த ஆச்சிமார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்ததைக் கமெராவுக்குப் பின்னால் நின்ற நாங்கள் கவனிக்கவில்லை. இடைவேளையில் அண்ணாவியார் தேத்தண்ணியோடு வந்தார்.

“புள்ளையள், முடியிலயும் உடுப்பிலயும் கண்ணாடித்துண்டு ஒட்டியிருக்கிறம். என்னத்துக்கெண்டு நினைக்கிறயள்?”

வடிவுக்கு என்றோம்.

“வடிவுதான். ஆனா எப்ப வடிவு? பந்த வெளிச்சத்தில ஆடேக்க ஆள் திரும்பினா ஒருக்கா மினுங்கும், பிறகு இருட்டு, திரும்ப மினுங்கும். அப்பதான் ராசா. நீங்க பகலாக்கிப்போட்டா அது வெறும் கண்ணாடி.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடச் சுட்டது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடைக்கேற்ப மாற்றினார் என்று வகுப்பில் படித்து, அது சரியா பிழையா என்று மணிக்கணக்காய்ச் சண்டை பிடித்த ஆட்கள் நாங்கள். அவர் என்ன செய்கிறோம் என்று தெரிந்து, மேடைக்காகச் செய்தார். நாங்கள் களரிக்குள்ளேயே வந்து, ஒரு ஒப்படைக்காக, யோசிக்காமல் செய்திருக்கிறோம். குறைந்த வெளிச்சத்தில் என்ன செய்யலாம் என்று கமெராக் கொம்பனிகளுக்கு முன்பே இந்தச் சனம் கண்டுபிடித்து உடுப்பில் ஒட்டி வைத்திருக்கிறது. நாங்கள் அதை அழித்துவிட்டுத் தெளிவு தேடியிருக்கிறோம்.

இரண்டு லைற்றையும் அணைத்தோம். ஐ.எஸ்.ஓ 6400. துவாரம் 1.8. எல்லாம் கையால். ஓட்டோவில் விட்டால் கமெரா இருட்டைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதற்கு இரவென்றால் பிழை, திருத்த வேண்டிய ஒன்று. அதனால் பல்பு வெளிச்சம் முகத்தில் விழுகிற கணத்துக்கு அளவை வைத்துவிட்டு, மற்றதெல்லாம் கறுப்பாய்ப் போகட்டும் என்று விட்டோம். ஆச்சிமார் பாயை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள்.

பற்றரி இரண்டுதான். இரண்டும் சேர்ந்து மூன்று மணித்தியாலம் தாங்கினால் புண்ணியம். முதலாவதைத் தெளிவான பகுதிக்கே முடித்திருந்தோம். மிச்சத்தைச் சிக்கனமாய் எடுத்து, அபிமன்யு வியூகத்துக்குள் போகிற காட்சிக்கு வைத்துக்கொண்டோம். அபிமன்யுவாக ஆடினவர் அண்ணாவியாரின் பேரன். அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார் என்று அன்றிரவுதான் தெரியும். அடுத்த முறை கூத்துப் போட்டால் அபிமன்யு யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

விடியப்புறம் நாலரை. அவர் சுற்றிச் சுற்றி ஆடுகிறார், கண்ணாடித்துண்டுகள் பற்றி அணைகின்றன. எங்களில் ஒருத்தியின் கை ஃபோகஸ் வளையத்தில், மற்ற இருவரும் மூச்சே விடவில்லை. அந்த மும்முரத்தில் ஒன்றை மறந்தோம். இந்தக் கமெராவில் ஒரு வீடியோ 4 ஜீ.பீக்கு மேல் போகாது. கிட்டத்தட்ட 12 நிமிசத்தில் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டது. சிவப்புப் புள்ளி இல்லை என்று கண்டு திரும்ப அமத்தும்போது அபிமன்யு நிலத்தில் கிடந்தார்.

மூன்று கிழமைக்குப் பிறகு லப்டொப்போடு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் அப்போதே போய்விட்டார். அம்மாவுக்கு முதலில் தெளிவான பகுதியைக் காட்டினோம். “நல்லாயிருக்கு” என்றா. பிறகு இருட்டுப் பகுதி. புள்ளி புள்ளியாய் இருந்தது, முகம் பாதி நேரம் தெரியவில்லை. “மிதியைப் பார்த்தாலே தெரியும், அவன்தான்” என்று திரைக்குக் கிட்ட வந்து இருந்தா. படம் நின்றதும், விழுகிற இடத்தைத் தவறவிட்டுவிட்டோம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றோம்.

“நல்லதாப் போச்சு, புள்ள. அவன் விழுறது எனக்கு வேணாம்.”

அந்த 12 நிமிசத்தை மட்டும் தன் ஃபோனில் ஏற்றித் தரச் சொன்னா. ஏற்றிக் கொடுத்தோம்.

ஒப்படைக்கு இரண்டு பகுதியையும் சேர்த்தே கொடுத்தோம். இரண்டாவதற்குக் கிடைத்த குறிப்பு: “காட்சிகள் இருட்டாக உள்ளன.” உண்மைதான், இருட்டாகத்தான் இருந்தது.

வாற வருசமும் கூத்துப் போட யோசனை இருப்பதாக அண்ணாவியார் சொல்லியிருக்கிறார், ஆடப் பெடியள் கிடைத்தால். போட்டால் போவோம். பற்றரி நாலு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அலாரம். போகஸ் லைற் இல்லை.