கொடி மட்டும் போதாது

ஒரு நாட்டின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சீருடை வரைந்து தரச் சொன்னால், புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் அந்த நாட்டுக் கொடியைத் திரையில் விரித்து வைக்கிறார்கள். கொடியில் மூன்று நிறம் இருந்தால் ஹெல்மெட்டுக்கு ஒன்று, ஜெர்சிக்கு ஒன்று, பேண்டுக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் படம் தயார். பார்வைக்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் அது இன்னும் சீருடை ஆகவில்லை. இந்த வேலையை ஆசையோடு செய்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: தேசிய அணியின் சீருடையை ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். கொடி பிற்பாடு வரட்டும்.

மற்ற விளையாட்டுகளில் வீரரை முகத்தாலும் முடியாலும் ஓடும் விதத்தாலும் அடையாளம் காண்கிறோம். இங்கே முகம் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கிறது. தோள் கவசத்துக்குள் மறைந்திருக்கிறது. பக்கத்துக்குப் பதினொரு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழும் நேரத்தில் கண்ணுக்குக் கிடைப்பவை இரண்டே: ஹெல்மெட், எண். அதனால் என் தாளில் முதலில் வருவது எப்போதும் ஹெல்மெட்.

ஹெல்மெட்டை வரைகிறவர்கள் இரண்டு பேரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருவர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர். 1938-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர், அங்கிருந்த வெறும் கறுப்பு ஹெல்மெட்டின் இடத்தில் நீலமும் மஞ்சளும் பூசிய தோல் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அந்த ஹெல்மெட்டின் நெற்றியில் தைக்கப்பட்டிருந்த பட்டை ஏற்கெனவே இறக்கை வடிவில்தான் இருந்தது. அதற்கு அவர் நிறம் கொடுத்தார், அவ்வளவே. தூரத்தில் ஓடும் தன் ஆளைப் பந்து எறிபவர் சட்டென்று கண்டுகொள்ள வேண்டும் என்பது அவருடைய நோக்கம். இன்னொருவர் ஃப்ரெட் கெர்க். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் ஆட்டக்காரர், ஓவியம் படித்தவர். 1948-ல் சக வீரர்களின் தோல் ஹெல்மெட்டுகளை எடுத்து, நீலப் பரப்பில் செம்மறிக் கடாவின் சுருள்கொம்பைக் கையாலேயே தீட்டினார். அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஹெல்மெட்டில் சின்னம் வந்தது அப்படித்தான். அந்தக் கொம்பு நெற்றியில் தொடங்கிக் காதைச் சுற்றி வளைந்து முடிகிறது. ஹெல்மெட் எப்படி வளைகிறதோ அப்படியே கோடும் வளைகிறது. தட்டைத் தாளில் வரைந்து கொண்டுவந்து ஒட்டியது போல அது எங்கும் தெரியாது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அதைவிடச் சிறந்த ஹெல்மெட் சின்னம் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இந்தப் பாடத்தை ஒரு தேசிய அணியில் பொருத்திப் பார்க்க ஜப்பானைப் போல வேறு நாடு இல்லை. அங்கே இந்த ஆட்டத்துக்கு வயது அதிகம். 1934-ல் பால் ரஷ் என்ற அமெரிக்க ஆசிரியரின் முயற்சியால் டோக்கியோவின் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடத் தொடங்கினார்கள். உலகக் கோப்பைப் போட்டி 1999-ல் இத்தாலியின் பலெர்மோவில் முதன்முதலாக நடந்தபோது வென்ற அணி ஜப்பான். 2003-ல் ஜெர்மனியிலும் அவர்களே. 2007-ல் சொந்த மண்ணான கவாசாக்கியில், இரண்டு முறை கூடுதல் ஆட்டம் போய், 23–20 என்று அமெரிக்காவிடம் தோற்றார்கள். இப்படிப்பட்ட அணிக்கு வரையும்போது, வெள்ளை ஹெல்மெட், இரு பக்கமும் சிவப்பு வட்டம் என்று கை தானாகப் போகும். வட்டத்தைவிட எளிய உருவம் இல்லைதான். ஹெல்மெட்டில் அதைவிடத் தொல்லை தருவதும் இல்லை.

பக்கவாட்டின் நடுவில் காதுக்கான துளை இருக்கிறது. அதற்கு முன்னால் முகக் கம்பியைப் பிடித்திருக்கும் கிளிப். கீழே நாடிப் பட்டையின் பொத்தான். இவற்றுக்கு இடம் விட்டு வட்டத்தை மேலே ஏற்றினால், மண்டையின் வளைவில் அது முட்டை வடிவமாகத் தெரிகிறது. பெரிய ஸ்டிக்கராக ஒட்டினால் ஓரங்களில் சுருக்கம் விழும். கத்தியால் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டுத்தான் படிய வைக்க வேண்டும். சரி, உச்சியில் வைக்கலாம் என்றால், இப்போது வரும் சில ஹெல்மெட்டுகளில் முன் உச்சியில் அடியைத் தாங்கி வளைந்துகொடுக்கும் ஒரு பலகை வெட்டிவிடப்பட்டிருக்கிறது. வட்டத்தை அது பிளக்கும். நான் கடைசியில் நின்ற இடம் இது: வட்டத்தை முழுதாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, பிடரியிலிருந்து எழுந்து உச்சியை நோக்கி வரும் ஒரு பெரிய சிவப்பு வில்லாக அதை வைப்பது. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு உதிக்கும் சூரியன். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வேகமாகப் போகும் ஒரு வளைவு. ஓடுகிறவரைத் துரத்துகிறவர் எப்போதும் பார்ப்பது பிடரியைத்தான்.

அந்தச் சூரியனுக்குக் கதிர்கள் வரைய மட்டும் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். கதிர் விரியும் சூரியக் கொடி ஜப்பானியப் படைகளோடு ஆசியா முழுவதும் போன கொடி. கொரியர்களுக்கு அது இன்றும் ரணம். 2015-ல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டனில் நடந்த உலகக் கோப்பையில் தென்கொரியாவும் ஆடியது, ஜப்பானும் ஆடியது. எதிரில் நிற்பவருக்கு அந்த உடை என்னவாகத் தெரியும் என்று யோசிப்பதும் வரைகிறவர் வேலைதான். ஜெர்மனிக்கு வரையும்போதும் இதே கவனம் வேண்டும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்றும் சேர்ந்தால் கண்ணுக்கு மிகக் கூர்மையான சேர்க்கை. ஆனால் அது பழைய பேரரசின் கொடி. பிறகு வந்த நாஜிகளும் அதைத் தூக்கிப் பிடித்தார்கள், இன்றும் ஒரு கூட்டம் பிடிக்கிறது. கறுப்பும் வெள்ளையும் வைத்து, பொன்னிறத்தைக் கொஞ்சமாகத் தொட்டால் அந்த நாட்டு அணிக்குப் போதும்.

நிறம் என்று வரும்போது, கொடியை அப்படியே எடுக்காத நாடுகள்தான் பெரும்பாலும் நன்றாகத் தெரிகின்றன. இத்தாலியின் நீலம் அதன் கொடியில் இல்லை. ஆண்ட சவோய் அரச குடும்பத்தின் நிறம் அது, 1911-ல் கால்பந்து அணியின் உடம்பில் ஏறி, அரசர்கள் போன பிறகும் நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் பச்சையும் பொன்னும் கொடியில் கிடையாது. 1984-ல் அவற்றைத் தேசிய நிறங்களாக முறைப்படி அறிவித்தார்கள். கொடியின் நான்கு நிறமும் வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து பிறந்த அழகான சீருடையும் ஒன்று உண்டு. 1950 கால்பந்து உலகக் கோப்பையில் உருகுவேயிடம் தோற்ற பிறகு, பிரேசில்காரர்களுக்குத் தங்கள் வெள்ளைச் சட்டை கசந்துபோனது. 1953-ல் ஒரு செய்தித்தாள் போட்டி அறிவித்தது. கொடியின் எல்லா நிறங்களும் சீருடையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வென்றவர் அல்டீர் ஷ்லீ, 19 வயது. சட்டை முழுக்க மஞ்சள், கழுத்திலும் கைமுனையிலும் மட்டும் பச்சை, கீழே நீலம், ஓரத்தில் வெள்ளை என்று வைத்தார். நான்கும் இருக்கின்றன, ஆனால் ஒன்றுதான் தலைமை தாங்குகிறது. கவசம் போடாத கால்பந்துக்கு வரைந்ததுதான் அது. என்றாலும் நிறத்துக்கு அளவு பிரிப்பதை நான் கற்றுக்கொண்டது அந்தச் சட்டையிடம்.

ஆட்டத்தின் விதி எண்களில்தான் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விதிகளை அடிப்படையாகக் கொண்டே சர்வதேச விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. தாக்கும் அணியின் முன்வரிசையில் வழக்கமாகக் குறைந்தது ஐந்து பேர் 50 முதல் 79 வரையிலான எண்களைப் போட்டிருக்க வேண்டும். அந்த எண் உடையவர் முன்னெறிந்த பந்தைப் பிடிக்கத் தகுதியற்றவர். நடுவர் பார்ப்பது ஆளை இல்லை, எண்ணை. கல்லூரி விதிப்படி முன்புற எண் 8 அங்குலத்துக்கும் முதுகு எண் 10 அங்குலத்துக்கும் குறையக்கூடாது, சட்டை நிறத்திலிருந்து தெளிவாக விலகித் தெரிய வேண்டும். முன்வரிசை ஆட்களின் முதல் இலக்கம் 5, 6, 7 இந்த மூன்றில் ஒன்று. ஆகவே எழுத்துரு வரையும்போது நான் முதலில் வரைவது ஐந்தையும் ஆறையும்தான். சேறு அப்பி, துணி மடிந்து, பாதி மறைந்த நிலையிலும் அந்த இரண்டும் குழம்பக் கூடாது. நாட்டின் பண்பாட்டைக் காட்டுகிறேன் என்று தூரிகை வீச்சிலும் கல்வெட்டுச் சாயலிலும் எண்களை வளைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஆறு எட்டாகத் தெரிந்தால் பண்பாடு எதற்கு?

கண் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை என்பதும் ஆட்டத்தோடு சேர்ந்ததே. 2015 நவம்பரில் அமெரிக்கத் தொழில்முறை லீகில் பஃபலோ அணி தலை முதல் கால் வரை சிவப்பிலும், நியூயார்க் ஜெட்ஸ் முழுப் பச்சையிலும் ஆடின. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ரசிகர்களுக்குத் தொலைக்காட்சியில் இரண்டு அணியும் ஒன்றாகிவிட்டன. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறை உண்டு. தேசிய அணிகளைப் பாருங்கள்: கனடா, ஆஸ்திரியா, டென்மார்க் சிவப்பு, மெக்சிகோ பச்சை, எல்லோரும் ஓடுவது பச்சைத் தரையில். அதனால் ஒவ்வொரு வரைபடத்தையும் நிறம் நீக்கிச் சாம்பலாக்கி, விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அங்கே இரு அணியும் பிரிந்து தெரிய வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில், 1957-ல், சொந்த மைதானத்து அணி அடர்நிறம், வந்த அணி வெள்ளை என்று அமெரிக்க லீக் விதி செய்தது.

துணிக்கு வருவோம். தோள் கவசத்தின் மேல் ஜெர்சியை இழுத்து மாட்டுவது, பெரிய தலையணைக்குச் சிறிய உறையைத் திணிப்பது போல. எதிராளியின் கைக்குப் பிடி கிடைக்கக் கூடாது என்பதால் கை என்ற ஒன்று ஏறக்குறைய மறைந்தேவிட்டது. முன்பு முழங்கை வரை இருந்த கோடுகள் இப்போது கவசத்தின் அடியில் மடிந்து போகின்றன. ஆகவே கைக் கோடுகளை நம்பி நான் வரைவதில்லை. தோளின் மேற்புறமும் கழுத்தைச் சுற்றிய இடமும்தான் நிலையானவை. பெரும்பாலான சிறிய நாடுகள் சப்ளிமேஷன் முறையில் அச்சிடுகின்றன: மை பூசிய தாளை வெள்ளை பாலியஸ்டர் மீது ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்தினால், மை ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுந்துவிடும். உரியாது, எடையும் கூடாது. எந்த வடிவத்தையும் அச்சிட முடியும் என்பதால், எல்லா வடிவத்தையும் அச்சிட்டுவிடும் ஆசையும் வரும். அதை அடக்கத்தான் வேண்டும். அச்சிட்ட பிறகே துண்டுகளைத் தைக்கிறார்கள். பந்து பிடிக்கும் மெலிந்த ரிசீவரின் சட்டையிலும் முன்வரிசையில் நிற்கும் பெருத்த லைன்மேனின் சட்டையிலும் தையல் தாண்டும் கோடு ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு அளவுக்கும் தனியாக உட்கார்ந்து வரைய வேண்டும். அதைச் செய்பவரையே நான் வடிவமைப்பாளர் என்பேன்.

பணமும் பேசும். பல நாடுகளில் வீரர்கள் தங்கள் கிளப் ஹெல்மெட்டையே தேசிய அணிக்கும் கொண்டுவருகிறார்கள். வெவ்வேறு மாதிரி, வெவ்வேறு ஓடு. அங்கே பொன் பூச்சும் மினுமினுப்பும் வரைந்து கொடுப்பதில் பயனில்லை. வெள்ளை ஓடு, ஒரே நிறத்தில் ஒரு பட்டை, எந்த மாதிரியிலும் படியும் சிறிய சின்னம் என்று வரைந்தால் அந்த அணி உண்மையிலேயே ஒரே அணியாகக் களமிறங்கும்.

கொடிக்குச் சட்டமும் இருக்கிறது. கொடியின் எந்தப் பகுதியும் விளையாட்டுச் சீருடையாகக் கூடாது என்று அமெரிக்கக் கொடி விதியே சொல்கிறது. இந்தியாவில் 2005-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு உடையில் கொடி இடம்பெறலாம். ஆனால் இடுப்புக்குக் கீழே கூடாது. பேண்டின் பக்கவாட்டில் மூவண்ணக் கோடு இழுக்க நினைக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும்.

அடுத்து வருவது வேறு ஒரு வேலை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பாலைச் சேர்த்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், கவசம் இல்லை, ஹெல்மெட் இல்லை. இடுப்புப் பட்டியில் தொங்கும் துணிப் பட்டையைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கும். பெண்கள் ஆட்டமும் உண்டு. 2022-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் மெக்சிகோ பெண்கள் 39–6 என்று அமெரிக்காவை வென்றார்கள். இந்த ஆட்டத்தில் முகம் திரும்பக் கிடைத்துவிட்டது, ஹெல்மெட் போய்விட்டது. கவசம் இழுத்துப் பிடிக்காத துணி தோளிலிருந்து மடிந்து விழுகிறது, எண்ணும் கூடவே மடிகிறது. தொங்கும் பட்டை அரைக்கால் சட்டையின் நிறத்தோடு கலந்துவிடக் கூடாது. விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால் பை வைக்கக் கூடாது. கவச ஆட்டத்தின் சீருடையைக் கையும் காலும் வெட்டித் தந்தால் இதற்குப் பொருந்தாது.

2028-க்காக இப்போது வரைந்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: ஆண்களுக்கு வரைந்ததைச் சுருக்கிப் பெண்களுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் தனியாக அளவெடுங்கள். எண்ணை முதலில் வரையுங்கள். ஓடும் ஒருவர்மேல் அதை மாட்டிப் பார்த்து, மைதானத்தின் மறுகோடியிலிருந்து படிக்க முடிகிறதா என்று சோதித்த பிறகு கொடியை எடுங்கள்.