விளிம்பில் ஓர் எண்

மஞ்சப்பையிலிருந்து முதலில் ரேஷன் கார்டு நகல் வந்தது. பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலை மடங்கிய ஸ்டூடியோ போட்டோ ஒன்று. கடைசியாக, வேட்டிக் கிழிசலில் முடிந்து வைத்த பதக்கங்கள். முடிச்சு பெரியவரின் விரல்களுக்கு அவிழவில்லை. பேத்தி வாங்கி அவிழ்த்து, மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மேசையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். மடித்துவிட்ட சட்டைக் கையின் மடிப்பு இன்னும் பட்டாளத்து மடிப்பு.

"எந்த ரெஜிமென்ட்டுங்க ஐயா, உங்க அப்பா?"

"அது தெரியலீங்க. பர்மாவுக்குப் போனாரு. பாலம் கட்டுனோம், ரோடு போட்டோம்னு சொல்லுவாரு. நாப்பத்தாறுல வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நம்பர்?"

பெரியவர் பேத்தியைப் பார்த்தார். "பேரு இருக்குதே சார்" என்றாள் அவள்.

"பேர வெச்சுத் தேட முடியாதும்மா. முனுசாமி, ஏழுமலைன்னு அப்ப கம்பெனிக்கு நாலு பேரு இருப்பாங்க. டிஸ்சார்ஜ் புக்கு?"

"கூரை வூட்டுல இருக்கும்போதே கரையான் அரிச்சிடுச்சுங்க."

ஹவில்தார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வட்டமான பதக்கத்தை மட்டும் எடுத்தார். ஒரு பக்கம் கிரீடம் அணிந்த ஆறாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். இரண்டையும் அவர் பார்க்கவில்லை. பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பை மெதுவாகச் சுழற்றினார்.

"பாப்பா, செல்லுல லைட் போடு."

ஒரு ரூபாய்க் காசை விடச் சற்றே தடித்த அந்த விளிம்பில், ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். முதலில் ஒரு எண். பிறகு சப்பர் (பொறியியல் படைச் சிப்பாய்) என்பதன் சுருக்கம். பிறகு பெயர். கடைசியில் 'ஐ.இ.' என்று இரண்டெழுத்து. எண்ணில் ஓர் இலக்கம் தேய்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாட்டி புளி போட்டுத் துலக்குவாள் என்று பெரியவர் சொன்னார். ஹவில்தார் விளிம்பைச் சாய்த்து, நகத்தால் தடவி, "எட்டு" என்றார். பேத்தி ரேஷன் கார்டு நகலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனாலும் வாங்கி விளிம்பையே பார்த்தார். எத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருந்த பதக்கம்!

இரண்டாம் உலகப் போருக்கான பதக்கங்களைப் பிரிட்டன் தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்துவிட்டது. இந்தியாவில் பொறித்துக் கொடுத்தார்கள். அதனால்தான் இன்று ஒரு பேத்தி தாத்தாவின் அப்பாவைத் தேட முடிகிறது. உலோகமும் வெள்ளியில்லை; செம்பும் நிக்கலும் கலந்தது. "முதல் சண்டை மெடல் வெள்ளிங்க. அதையெல்லாம் உருக்கிக் கொலுசு பண்ணிட்டாங்க நம்ம ஜனங்க" என்றார் ஹவில்தார், வருத்தமாக.

'ஐ.இ.' என்றால் இந்தியன் இன்ஜினியர்ஸ். அதில் பெங்கால், பம்பாய், மதராஸ் என்று மூன்று. எங்கள் வட ஆற்காட்டுத் தமிழர் என்றால் பெரும்பாலும் மதராஸ் சப்பர்ஸ்தான். 1780இல் தொடங்கிய படை, தலைமையிடம் பெங்களூர். பட்டாளத்தில் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். ரெக்கார்ட் ஆபீஸும் பெங்களூரில்தான்.

"எழுதிப் போட்டா எல்லாம் வந்துடுமா சார்?" என்றாள் பேத்தி.

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் 'ஷீட் ரோல்' என்று ஒன்று உண்டு. ஊர், சேர்ந்த தேதி, உயரம், அங்க அடையாளம், வாரிசு, போன களம், வாங்கிய தண்டனை எல்லாம் அதில் இருக்கும். பென்ஷன் இல்லாமல் போனவருடைய ஷீட் ரோலை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. சண்டைக்காகச் சேர்த்து, சண்டை முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இந்தியப் படை அந்தப் போரில் 25 லட்சம் பேராகப் பெருகியிருந்தது. மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற பேரேடு. எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள். ஒரு ஆளுக்கு ஒரு வரி.

எனக்கு அங்கே உறுத்தியது இதுதான். அவர் பர்மாவில் செத்திருந்தால் இவ்வளவு தேட வேண்டியிருக்காது. ரங்கூனை அடுத்த தவுக்யான் நினைவுத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பலருக்குத் தாய் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர் வரை இருக்கிறது. உயிரோடு திரும்பி ஏர் பிடித்தவருக்கு அப்படி ஒரு தூண் இல்லை. கம்பெனியின் எண் தெரிந்தால் அதன் போர் நாட்குறிப்பைப் பார்க்கலாம். லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் அந்தக் கட்டுகள் இருக்கின்றன. இன்ன ஆற்றில் இன்ன தேதியில் பாலம் போட்டார்கள் என்று அதில் கிடைக்கும். ஆனால் அதிகாரிகளுக்குத்தான் பெயர். மற்றவர்கள் 'ஓ.ஆர்.', அதாவது அதர் ரேங்க்ஸ்; 'ஓ.ஆர். மூவர் காயம், ஓ.ஆர். இருவர் மருத்துவமனை' என்று எண்ணிக்கையாகப் போய்விடுவார்கள்.

"ஒரு வரியாச்சும் வரட்டுங்க" என்றார் பெரியவர். "சேர்ந்த தேதி தெரிஞ்சா போதும். நான் பொறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியான்னு அம்மாவுக்கே கணக்கு தெரியல."

ஹவில்தார் விண்ணப்பத்தைத் தானே எழுத ஆரம்பித்தார். எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். தேய்ந்த இலக்கம் மூன்றாகவும் இருக்கலாம் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள்; எழுந்து உள்ளே போனேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ பட்டாளத்துத் தாத்தாவின் பதக்கம் இருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள், விளிம்பைச் சுற்றிலும் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். ரெக்கார்ட் ஆபீஸுக்கு இந்த மாதமே எழுதுங்கள்.