நாலாவது நரம்பு

உகுலேலேன்னு ஒரு வாத்தியம். கிடாருக்குப் பொறந்த குட்டி மாதிரி இருக்கும், நாலே நரம்பு. 1879 ஆகஸ்ட்ல ராவன்ஸ்கிராக்ங்கிற கப்பல்ல மடீரா தீவுலேர்ந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டு போன குட்டி வாத்தியம்தான் இதோட பாட்டன். கூடவே போன மூணு தச்சர்கள் அங்கேயே தங்கி, அதை ஹவாய் வாத்தியமா மாத்திட்டாங்க. அதோட சரித்திரம் இவ்வளவு போதும். இந்தப் பதிவு அதுக்கு நரம்பு மாத்தறதைப் பத்தி.

"நரம்பு"ன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். வீணைக்குத் தந்தி, யாழுக்கு நரம்பு. உலோகம்னா தந்தி, கம்பி. குடல் மாதிரி மிருதுவான சமாச்சாரம்னா நரம்பு. உகுலேலேவுக்கும் ஆதியில ஆட்டுக் குடல்தான். 1940கள்ல, யுத்தத்தால குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தப்ப, நியூயார்க்ல ஆல்பர்ட் அகஸ்டின்ங்கிறவர் நைலான்ல கிடார் நரம்பு பண்ணினார். செகோவியா அதை வாசிச்சார். அப்புறம் குடலை யார் சீண்டினா?

எங்க வீட்டுல இருக்கறது டெனர் அளவு. சிங்கப்பூர்ல இருக்கற அக்கா பையன் வாங்கி ரெண்டு வருஷம் வாசிச்சுட்டு, லீவுல செஞ்சிக்கு வந்தப்ப அம்மாகிட்டயே விட்டுட்டுப் போயிட்டான். அக்கா இருபது வருஷம் வீணை வாசிச்சவ. முடக்குவாதம் வந்தப்புறம் வீணையை உறை போட்டு மூலையில சாய்ச்சாச்சு. வீணைச் சாரணியோட எஃகுக் கம்பியை அழுத்தினா நல்ல விரல்லயே பள்ளம் விழும். காலையில டம்ளரைப் பிடிக்கவே யோசிக்கிற கைக்கு அது ஆகுமா? இந்தச் சின்ன வாத்தியத்தை எடுத்து மடியில வெச்சு ஒரு மோகனம் தடவினா. "இது அழுத்தறதுக்கு நல்லாதான்டா இருக்கு. ஆனா ஸ்ருதி நிக்கலை, நரம்பு செத்துப் போச்சு"ன்னா. மெட்டு படற இடத்துல எல்லாம் நரம்புல பள்ளம். மாத்தியாகணும்.

2025 ஜூலைல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தாங்க. அதுல தமிழ்நாட்டுலேர்ந்து எங்க கோட்டை ஒண்ணுதான். அப்பேர்ப்பட்ட ஊர்ல ஒரு உகுலேலே நரம்பு கிடைக்காது :-) பக்கத்து ஊர் வாத்தியக் கடையில கேட்டா, "மாண்டலின் கம்பி போட்டுக்குங்க சார், சும்மா கணீர்னு இருக்கும்"ங்கறார். யாராவது சொன்னா கேட்டுடாதீங்க மக்களே. இந்தப் பெட்டி மெல்லிசான பலகை, பிரிட்ஜ் வெறும் பசையில ஒட்டினது. எஃகு போட்டு முறுக்கினா கணீர்னு பிரிட்ஜ்தான் பெயர்ந்து வரும்.

சரி, என்னென்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். நைலான். இத்தாலி அக்விலா கம்பெனியோட நைல்கட், அதாவது குடல் நரம்போட அடர்த்திக்குக் கிட்ட வர்ற மாதிரி பண்ணின வெள்ளை நரம்பு. அப்புறம் ஃப்ளூரோகார்பன். கடைசியா சொன்னது வேற ஒண்ணுமில்லீங்க, தூண்டில் போடற தங்கூஸ். ஜப்பான்ல குரேஹா கம்பெனி 1971ல மீன் பிடிக்கக் கொண்டு வந்த சரக்கு. அதையே உகுலேலேக்காரங்க வெட்டி மாட்டிப் பார்த்து, நல்லாருக்கேன்னு பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப நரம்புக் கம்பெனிகளே பாக்கெட் போட்டு விக்குது. மரக்காணத்துலேயோ புதுச்சேரியிலேயோ சுருள் வாங்கி வெட்டிக்கலாம்னு எனக்கும் ஒரு கஞ்சத்தன ஐடியா வந்துச்சு. தங்கமணி பார்த்த பார்வையில கைவிட்டேன். நியாயமும் அதான், நமக்கு நாலு தடிமன்ல நாலு துண்டு வேணும். நாலு சுருள் வாங்கினா மிச்சத்தை வெச்சுக்கிட்டு செட்டிகுளத்துல போய் உட்கார வேண்டியதுதான்.

இதுல அடர்த்திதான் விஷயம். நைலான் தண்ணியை விடக் கொஞ்சம் கனம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.14 கிராம். ஃப்ளூரோகார்பன் 1.78. அதனால அதே ஸ்வரத்தை அதே இழுவையில கொடுக்க, நைலானோட தடிமன்ல ஐந்தில் நாலு பங்கு போதும். மெல்லிசா இருந்தா மேல் மெட்டுகள்ல ஸ்ருதி சுத்தமா நிக்கும், தடி நரம்பை அழுத்தினா ஏறிடும். இன்னொண்ணு, நைலான் ஈரம் குடிக்கும், ஃப்ளூரோகார்பன் குடிக்காது. சித்திரை வெயில்ல ராஜகிரி பாறை பகல் பூரா காய்ஞ்சு ராத்திரி பூரா மூச்சு விடற ஊரு இது. ஐப்பசி வந்தா சுவரே வேர்க்கும். ஸ்ருதி நிக்கணும்னா எனக்கு ஃப்ளூரோகார்பன்தான் சரின்னு பட்டுச்சு.

ஆனா பெரிய கேள்வி அது இல்லை. நாலாவது நரம்பு.

உகுலேலேவோட வழக்கமான ஸ்ருதி G C E A. C-யை, அதாவது ஒரு கட்டையை, சட்ஜமா வெச்சா ப-ச-க-த. ரிஷபம் ஒண்ணு சேர்ந்தா மோகனம் ரெடி. அக்கா கை எடுத்தவுடனே மோகனத்துக்குப் போனது ஏன்னு இப்பத் தெரியுதா? இதுல ஒரு வேடிக்கை, மேலே இருக்கற அந்த நாலாவது G நரம்பு தடியா இருக்காது. C-க்கு மேல இருக்கற பஞ்சமம் அது, 392 ஹெர்ட்ஸ். வரிசை ஏறி இறங்கி வரும். வெள்ளைக்காரங்க இதை அதிசயமாப் பேசறாங்க. நம்ம தம்புராவைப் பாருங்க, முதல்ல மந்தர பஞ்சமம், அப்புறம் ரெண்டு சட்ஜம், கடைசியில மந்தர சட்ஜம். அதுவும் ஏணிப்படி கிடையாதே.

டிங்கு டிங்குன்னு ஸ்வரக்கூட்டு போட்டுப் பாடறவங்களுக்கு இந்த உயரமான G அழகு. அக்காவுக்கு ஆகலை. "சட்ஜத்துக்குக் கீழ இறங்கவே வழியில்லையேடா. மந்தர பஞ்சமம் இல்லாம என்னத்தை வாசிக்கறது?" நம்ம பாட்டு எல்லாம் சட்ஜத்துல ஆரம்பிச்சு மேல போறது இல்லையே, நின்னு நிதானமாக் கீழயும் போய்ட்டு வரும். அதுக்கு வழி, நாலாவது நரம்பை ஒரு ஸ்தாயி கீழ 196 ஹெர்ட்ஸ்ல வெக்கறது. லோ ஜின்னு பேரு. அப்படி வெச்சா மந்தர பஞ்சமத்துலேர்ந்து பன்னிரண்டாவது மெட்டுலயே மேல் ஸ்தாயி தைவதம் வரைக்கும் கிடைக்குது. ரெண்டு ஸ்தாயிக்கு மேல! ஒரு கீர்த்தனைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

அடுத்த சந்தேகம், கீழ் G சுத்துக்கம்பியா, வெறும் நரம்பா? கிளாசிக்கல் கிடாரோட நாலாவது கம்பியை மாட்டிக்கறவங்க உண்டு. நல்ல கனமான நாதம். ஆனா டெனரோட நீளத்துக்கு G-யில வெச்சா அஞ்சரை கிலோ பக்கம் இழுக்கும், மத்த நரம்போட சேராம அது மட்டும் விரலுக்குக் கடினம். அதோட, விரலை இழுத்தா கீச்சுங்கும். இந்தக் கீச்சுதான் எனக்குத் தீர்ப்பு சொன்னது. வீணையில கம்பியை மெட்டு மேல பக்கவாட்டுல இழுத்து அஞ்சு ஸ்வரம் கூடப் பேச வெக்கலாம். நைலான் ஜாதி நரம்பை எவ்வளவு இழுத்தாலும் அரை ஸ்வரம் நகர்றதே பெரும்பாடு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுக் கம்பியை வேண்டாம்னு அஞ்சு ஒத்தைக் கம்பி மின்சார மாண்டலின்ல வாசிச்சார், ஆனா அதுவும் உலோகம். இங்க கமகத்துக்கு ஜாரு ஒண்ணுதான் கதி. சரசரன்னு வழுக்கணும்னா சுத்துக்கம்பி ஆகாது.

கிடாரோட மூணாவது நைலான் நரம்பு, அதுவும் G தானே, அதை மாட்டினா என்னன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடார்ல 65 சென்டிமீட்டர் நீளத்துல ஆறு கிலோ இழுக்கிற நரம்பு, இதோட 43 சென்டிமீட்டர்ல ரெண்டே முக்கால் கிலோதான் இழுக்கும். நீளத்தோட வர்க்கத்துல குறையுது. துணி காயப் போடற கொடி மாதிரி தொங்கும். 0.91 மில்லிமீட்டர் ஃப்ளூரோகார்பன்னா மூணே கால், மூணரை கிலோ வரும். விரலுக்கும் இதம், பேச்சும் இருக்கும்.

A நரம்புதான் பெரும்பாலான செட்ல முரடு. 0.52 மி.மீ. போட்டா அஞ்சரை கிலோவுக்கு மேல. அக்கா கைக்காக 0.47 பக்கம் இருக்கற மெல்லிசு செட்டாப் பார்த்து வாங்கினேன், நாலரை கிலோ சொச்சம். சத்தம் கொஞ்சம் குறையும். கூடத்துல வாசிக்க அது போதும்.

மாட்டற வேலையைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஃப்ளூரோகார்பன் வழுவழுன்னு இருக்கும், முடிச்சு நழுவும். பிரிட்ஜ்ல ஒரு சுத்து கூடப் போடுங்க, கடைசிச் சுத்து பிரிட்ஜோட பின்பக்கம் வந்து மாட்டிக்கணும். கீழ் G தடிங்கறதால தலைப்பக்கம் இருக்கற காடியில உட்காராது. பழைய தடி நரம்புத் துண்டு மேல நைசான உப்புத்தாளைச் சுத்தி, காடியை அகலம் மட்டும் பண்ணணும், ஆழம் போகக் கூடாது. அரை மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தேய்ச்சேன். நாலு நாள் ஸ்ருதி இறங்கிக்கிட்டே இருந்துச்சு, புது நரம்பு அப்படித்தான்.

அஞ்சாம் நாள் சாயங்காலம் அக்கா எடுத்தா. நாலாவது நரம்பை மட்டும் தட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "இது என் சட்ஜம்டா"ன்னா. எனக்கு அப்பதான் உறைச்சது. G-ன்னா அஞ்சு கட்டை. அவ பாட்டு கிளாஸ் போன காலத்துலேர்ந்து அவளோட ஸ்ருதி அதுதான். நான் மந்தர பஞ்சமம்னு தேடி வாங்கினதை அவ சட்ஜமா எடுத்துக்கிட்டா! அப்படி வெச்சா திறந்த நரம்பு ச-ம-த-ரி. மோகனத்துக்குத் தோதில்லை, ஆனா பாடிக்கிட்டே வாசிக்கலாம்.

பாட ஆரம்பிச்சா. மேல் சட்ஜம் கிட்டப் போறப்ப குரல் உடைஞ்சுது. ரெண்டாவது தடவையும் உடைஞ்சுது. பாடியே பல வருஷம் ஆச்சே. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், தங்கமணி கண்ணைக் காட்டினா, மூடிக்கிட்டேன்.

அக்கா ஒண்ணும் பேசலை. முடிச்சு முடிச்சா இருக்கற அந்த விரலால நாலு பிருடையையும் ஒவ்வொண்ணாத் திருப்பி இறக்கினா. நாலரை கட்டை. அரை ஸ்வரம் இறக்கினா இழுவை நூத்துக்குப் பதினொண்ணு குறையும்னு எனக்குக் கணக்கு தெரியும், அவளுக்கு விரல்ல தெரிஞ்சிருக்கு. "இப்ப இன்னும் மெத்துனு இருக்குடா"ன்னா. குரலும் உட்கார்ந்துடுச்சு. கரண்ட் போய் வந்தது கூடத் தெரியாம ஏழரை மணி வரைக்கும் பாடினா.

செட்டோட வந்த உயரமான G நரம்பு ஒண்ணு பிரிக்காம அப்படியே இருக்கு. டெனர் வெச்சிருக்கறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, தபால்ல அனுப்பி வெக்கறேன்.