ஃபைலோடு கூடவே போவது

அன்புத் தங்கைக்கு,

மதுரையில் தனியாக வக்கீல் ஆபீஸ் போட்டுவிட்டாய் என்று அம்மா சொன்னதும் மனசு நிறைந்தது. இனி வெளியே போகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நீதான் பொறுப்பு என்பதால் இதை எழுதுகிறேன். நாம் அனுப்பும் வேர்ட் ஃபைலில் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போவதில்லை.

2004இல் அமெரிக்காவில் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் டைம்லர்கிரைஸ்லர் மீது வழக்குப் போட்டது. பிராதின் வேர்ட் ஃபைலை ஆராய்ந்த செய்தியாளர்களுக்கு, முதலில் பிரதிவாதியாக இருந்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா என்று தெரிந்துபோனது. அடித்த வரிகள் அழியாமல் உள்ளேயே மறைந்திருந்தன. யார் மேல் வழக்குப் போட யோசித்தோம் என்பது கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் நடுவே நிற்க வேண்டிய பேச்சு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவு அதைக் காத்தது; இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு காக்கிறது. அதை நாமே எதிர்த்தரப்புக்கு அனுப்பிவைக்கலாமா?

பழைய ஒப்பந்தத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் உண்டு. முந்தைய கட்சிக்காரரின் பெயர் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் அப்படியே தங்கிவிடலாம். 'நோ மார்க்கப்' வைத்தால் திருத்தங்கள் மறையும், போகாது. ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள், அல்லது தள்ளு. பிறகு நகல் எடுத்து, அந்த நகலில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டு. அது நீக்கியதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வைத்து மறைப்பதையும் நம்பாதே. 2019 ஜனவரியில் அமெரிக்க அரசியல் ஆலோசகர் பால் மேனஃபோர்ட்டின் வக்கீல்கள் அப்படி மறைத்த வரிகளை, காப்பி பேஸ்ட் செய்தே படித்துவிட்டார்கள்.

டிராஃப்டுக்குத் தேதியும் எண்ணும் போடு. வெளியே போனதைத் தனி ஃபோல்டரில் வை. எதிர்த்தரப்பு திருத்தி அனுப்பினால், அவர்கள் காட்டும் திருத்தத்தோடு நிற்காமல் 'கம்பேர்' போட்டுப் பார்.

ஒன்றை மட்டும் மறக்கவே மறக்காதே. சுத்தம் செய்வது நம் வரைவுகளை மட்டும்தான். கட்சிக்காரர் சாட்சியமாகக் கொடுக்கும் போட்டோ, மின்னஞ்சல், ஃபைல் எதிலும் கை வைக்காதே. எப்போது எடுத்தது, எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரமே அங்கே சாட்சி. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின் சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் தர வேண்டும். ஃபைலுக்குள் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மூலத்தை அப்படியே பத்திரப்படுத்தி, நகலில் வேலை செய்.

இந்த வாரமே உன் குமாஸ்தாவை உட்காரவைத்து இதையெல்லாம் செய்து காட்டு. மெயிலில் ஃபைலை இணைத்து அனுப்புவது பெரும்பாலும் அவர்தான்.

அன்புடன்,
அக்கா